தர்ப்பண செட் வாங்கலாமா? பெட்டியில் இருப்பதும், தனியாக வாங்க வேண்டியதும்

ஆடி அமாவாசையும் மகாளய பட்சமும் தை அமாவாசையும் நெருங்கும்போது பூஜைப் பொருள் கடைகளில் தர்ப்பண செட் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. இணையத்தில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. 2020-இல் ஊரடங்கால் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் போக முடியாமல், முன்னோருக்கு எள்ளும் நீரும் வார்க்கும் தர்ப்பணத்தை வீட்டிலேயே செய்யத் தொடங்கியவர்களில் பலர் இன்னும் அப்படியே தொடர்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பெட்டி பெரிய வசதி. விற்பனையில் மூன்று வகை இருக்கிறது: தர்ப்பையும் எள்ளும் மட்டும் உள்ள சிறு பாக்கெட், தட்டு, பவித்திரம் (தர்ப்பை மோதிரம்), கூர்ச்சம் (முன்னோரை எழுந்தருளச் செய்யும் தர்ப்பை முடிச்சு), கங்கை நீர், மந்திரப் புத்தகம் எல்லாம் சேர்ந்த அட்டைப் பெட்டி, அந்தப் பெட்டியோடு, அமாவாசையன்று வாத்தியார் (புரோகிதர்) காணொளியில் வந்து செய்துவைக்கும் ஏற்பாடு. மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். செய்பவரின் கையிலிருந்து எள்ளும் நீரும் முறையாக விழ இது உதவுகிறதா?

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. தர்ப்பணத்தில் நடப்பது பெரும்பாலும் கேட்பதல்ல, கொடுப்பது. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார். தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி. தாய்வழியில் அதேபோல ஆண்கள் மூவர், பெண்கள் மூவர். ஆகப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் பெயரும் கோத்திரமும் சொல்லி மூன்று முறை, மொத்தம் 36 முறை எள்ளும் நீரும் வார்க்கிறோம். வேண்டுதல் முக்கியமாக இருப்பது ஆவாஹன மந்திரத்தில். பித்ருக்களை வரச் சொல்லும்போதே சந்ததியும் செல்வமும் நூறாண்டு ஆயுளும் தாருங்கள் என்று அந்த ஒரு மந்திரம் கேட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் "தர்ப்பயாமி", அதாவது திருப்தி செய்கிறேன் என்பதுதான். இல்லறத்தான் பேண வேண்டியவர்களைச் சொல்லும் 43-ஆம் குறளும் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, தெய்வத்துக்கு முன்னால் வைத்து "ஓம்பல்" என்றே சொல்கிறது.

இதைச் சொல்ல வேண்டியிருப்பது பல பெட்டிகளில் வைத்திருக்கும் துண்டுச்சீட்டால். பித்ரு தோஷம் நீங்கும், தடைப்பட்ட கல்யாணம் நடக்கும், செய்யாவிட்டால் சாபம் பிடிக்கும் என்று அச்சடித்திருக்கிறார்கள். இறந்தவர்களை நினைக்கும் முறை சமயத்துக்குச் சமயம் வேறுபடும். கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-இல் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, மறைந்தவர்களுக்காக இறைவனிடம் மன்றாடுகிறார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலானவை அதையும் ஏற்பதில்லை. முஸ்லிம்கள் இறந்தவருக்காக துஆ என்னும் பிரார்த்தனை செய்கிறார்கள். அடக்கத்தலத்தில் இறைநேசரை முன்னிட்டு வேண்டலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தர்ப்பணத்தின் இடம் இவற்றிலிருந்து தனி. சொந்தப் பெற்றோருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் தாகம் தீர நீர் தருகிற கடமை அது. அதைப் பயம் காட்டி விற்பது மனத்தை உறுத்துகிறது. அப்படிச் சீட்டு வைத்த பெட்டியில் பொருள் நன்றாக இருந்தால் வாங்கலாம், சீட்டை வீட்டில் யாரிடமும் படிக்கக் கொடுக்காதீர்கள்.

எள், நீர், தட்டு

பெட்டி செட்டுகளில் அதிகம் தவறுவது அளவில். 36 முறைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை எள் என்றாலும், கை ஈரத்தில் ஒட்டுவதும் சிந்துவதும் போக 30 முதல் 50 கிராம் இருந்தால்தான் கவலையில்லாமல் செய்யலாம். 10 கிராம் பொட்டலம் வைத்திருக்கும் செட்டில் தாய்வழி வர்க்கம் தொடங்கும்போதே எள் தீர்ந்துபோகிறது. இது சின்ன விஷயமல்ல. நடுவில் எழுந்து சமையலறைக்குப் போய் எள் டப்பாவைத் தேட முடியாது.

எள் கறுப்பாக இருக்க வேண்டும், வறுக்காததாக இருக்க வேண்டும். சாயமேற்றிய எள்ளைக் கண்டுபிடிக்க, கொஞ்சம் எடுத்து ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துத் தேயுங்கள். உடனே மை போல இறங்கினால் சாயம். நல்ல கறுப்பு எள்ளும் வெகுநேரம் ஊறினால் லேசாகப் பழுப்பு நிறம் விடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் நாளே எள்ளைக் களைந்து, மண்ணும் கல்லும் போக வடித்து, துணியில் காயவைத்து எடுத்து வைப்பது நல்லது. பெட்டியில் வரும் எள்ளைப் பெரும்பாலும் களைய வேண்டியிருக்கிறது.

நீர் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு முறைக்கு 25 மி.லி. வார்த்தால் 36 முறைக்கு 900 மி.லி. கடைசியில் பொதுவாக வார்ப்பதும் ஆசமனமும் (மந்திரம் சொல்லி நீர் உட்கொள்வது) கைகழுவுவதும் சேர்ந்தால் ஒன்றேகால் லிட்டர் தயாராக இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் பஞ்சபாத்திரம் 150 மி.லி. கொள்ளும், அதை எட்டு ஒன்பது முறை நிரப்ப வேண்டும். பக்கத்தில் ஒரு பெரிய சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வைத்த கிண்டி இருந்தால் அதைவிட நல்லது. இடது கையால் கிண்டியைச் சாய்த்து, எள் வைத்த வலது உள்ளங்கையில் நீர் விட்டு, அந்தக் கையை வலப்புறமாகச் சரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீர் இறங்கும்படி விட வேண்டும். பித்ரு தீர்த்தம் என்பது அந்த இடம்தான். விரல் நுனி வழியாக விழுந்தால் அது தேவ தீர்த்தம். முதல்முறை செய்பவர்கள் பூஜைப் பழக்கத்தில் விரல் நுனி வழியாகவே விட்டுவிடுகிறார்கள். இதை ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கும் புத்தகத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

தட்டு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பத்து அங்குல வட்டத் தட்டு, 2 செ.மீ. விளிம்பு என்று வைத்துக்கொண்டால் விளிம்புவரை நிரம்பினாலும் ஒரு லிட்டர்தான் கொள்ளும். நடுவில் தர்ப்பையும் கூர்ச்சமும் வேறு இருக்கிறது. பாதியிலேயே கூர்ச்சம் மிதந்து திரும்பிவிடும். தெற்கு நோக்கி இருந்த நுனி கிழக்கே போய்விடும். செட்டில் வரும் எட்டு அங்குலத் தட்டு இந்தக் கணக்கில் எதற்கும் ஆகாது. 12 அங்குலத்துக்குக் குறையாத, விளிம்பு உயர்ந்த தாம்பாளம் பித்தளையிலோ செம்பிலோ வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வெள்ளி பித்ரு காரியத்துக்கு மிக உயர்வானது என்பார்கள், ஆனால் அந்த அளவில் வெள்ளித் தட்டு எத்தனை வீட்டில் இருக்கும்? இரும்பையும் எவர்சில்வரையும் பெரியவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். தட்டுக்காக மட்டும் பெரிய செட்டை வாங்குவது வீண்செலவு.

தர்ப்பை

பெட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. தர்ப்பைக்கு நுனி இருக்க வேண்டும். பெட்டியின் நீளத்துக்கு அடங்க வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் வெட்டி அடுக்கியிருக்கும் செட்டுகளைக் கையில் எடுத்தவுடன் வைத்துவிடுங்கள். நுனி போன புல்லில் எது தெற்கு நோக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகும். புல்லை அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் உருவினால் வழுவழுப்பாக வரும், நுனியிலிருந்து அடி நோக்கி உருவினால் ரம்பம் போல உரசும். வேகமாக உருவினால் விரலைக் கிழித்துவிடும். அப்படி உரசாத மென்மையான ஏதோ ஒரு காய்ந்த புல் கட்டாக வந்தால் அது தர்ப்பையல்ல.

ஆவணி அமாவாசையில் அறுத்த தர்ப்பை ஓராண்டுவரை ஆகும் என்பது வழக்கம். பெட்டியில் அறுத்த மாதம் போட்டிருப்பதில்லை. பார்த்தால் தெரியும்: வைக்கோல் நிறமாகி, வளைத்தவுடன் முறிந்தால் பழையது. அது பவித்திரம் முடிச்சுக்கு நிற்காது. லேசான பச்சை கலந்த பழுப்பாக இருந்தால் நல்லது. எந்தத் தர்ப்பையானாலும் பவித்திரம் பண்ணுவதற்குமுன் பத்து நிமிடம் நீரில் போட்டு எடுத்தால் முறியாமல் முறுக்கிக்கொள்ளும்.

முன்கூட்டியே செய்த பவித்திரம் வருகிற செட்டில் புல்லை எண்ணிப் பாருங்கள். பித்ரு காரியத்துக்கு மூன்று புல். சுப காரியத்துக்கு இரண்டு, இறந்த பத்து நாள் காரியத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாதிரி இரண்டு புல் பவித்திரம் போட்டு அனுப்பும் செட்டுகள் இருக்கின்றன. அதைத் தர்ப்பணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. மோதிர விரலுக்கு அளவும் பார்க்க வேண்டும். ஈரத்தில் தளர்ந்து கழன்று தட்டில் விழும் பவித்திரத்தால் வரும் தொல்லை சொல்லி மாளாது.

கூர்ச்சம் ஒன்றா இரண்டா என்பது குடும்ப வழக்கு. தந்தைவழி, தாய்வழி இரண்டு வர்க்கத்தையும் ஒரே கூர்ச்சத்தில் ஆவாஹனம் செய்பவர்களும் உண்டு, தனித்தனியாக இரண்டு வைப்பவர்களும் உண்டு. எத்தனை புல்லில் கூர்ச்சம் கட்டுவது என்பதும் அப்படித்தான். அதனால் இரண்டு கூர்ச்சமும், மேற்கொண்டு பத்துப் பதினைந்து தனிப் புல்லும் வைத்த செட்டே சரி. ஆசனத்துக்கும் கையில் இடுக்கிக்கொள்வதற்கும் தனிப் புல் வேண்டும் என்பதைப் பல தயாரிப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கங்கை நீர்ச் செம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருந்தால் சொம்பில் சில துளி விடலாம். இல்லாவிட்டால் கிணற்று நீரோ குழாய் நீரோ போதும். வாங்கும் முடிவை அது தீர்மானிக்க வேண்டியதில்லை.

புத்தகம்

செட்டில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த பொருள் என்றால் நல்ல மந்திரப் புத்தகம்தான். முதலில் உங்கள் குடும்பம் பின்பற்றும் வேதத்துக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். யஜுர் வேதிகளுக்கும் ரிக், ஸாம வேதிகளுக்கும் பிரயோகம், அதாவது செய்முறை, வேறு. பெட்டியின் மேல் எந்த வேதம் என்று போடாமல் "அமாவாசைத் தர்ப்பணம்" என்று மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது அநேகமாக ஆபஸ்தம்ப சூத்திரத்தைப் பின்பற்றும் யஜுர் வேதப் பிரயோகமாக இருக்கும். மந்திரம் இல்லாமல் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இந்தப் புத்தகம் தேவையே இல்லை. முறையும் பெயரும் தமிழில் சொல்லி மும்மூன்று தரம் வார்க்கலாம். அந்தக் குடும்பங்கள் எள்ளும் தர்ப்பையும் உள்ள சிறு பாக்கெட் வாங்கினாலே போதும்.

இரண்டாவது, எழுத்து. தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை ஒரு முழம் தள்ளி வைத்து, இரண்டு கையும் ஈரமாக இருக்கும்போது படிக்க வேண்டிய புத்தகம் இது. பொடி எழுத்தில், நடுவில் பின் அடித்து, விட்டால் மூடிக்கொள்ளும் புத்தகத்தால் பயனில்லை. சுருள் கம்பி போட்டு விரித்தால் விரித்தபடி நிற்கும் புத்தகம்தான் வேண்டும். க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு மேல் வடமொழி உச்சரிப்பைக் காட்ட 2, 3, 4 என்று எண் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் வெறும் தமிழெழுத்தில் அடித்திருந்தால் வாத்தியாரிடம் கேட்டுப் பழகாதவர் பாதி மந்திரத்தைத் தவறாகச் சொல்வார்.

மூன்றாவது, சங்கல்பம், அதாவது இன்ன நாளில் இன்னது செய்கிறேன் என்று தொடக்கத்தில் சொல்வது. ஆண்டின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் அதில் மாறும். 2025 ஏப்ரல் 14 முதல் விசுவாவசு, 2026 ஏப்ரல் 14 முதல் பராபவ. பழைய இருப்பைத் தள்ளிவிடும் கடைகளில் போன ஆண்டின் சங்கல்பத் தாள் உள்ளே இருக்கும். புத்தகத்தில் இடம் விட்டு, ஆண்டுக்கொரு தனித் தாள் தருகிற முறை நல்லது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்றும் அதில் குறித்திருக்க வேண்டும். இரண்டிலும் திதி முடியும் நேரம் வேறுபடும், சில மாதம் அமாவாசை நாளே மாறிப்போகும்.

பன்னிரண்டு பெயரையும் கோத்திரத்தையும் எழுதிக்கொள்ள ஒரு கட்டம் போட்ட பக்கம் சில புத்தகங்களில் இருக்கிறது. அதற்காகவே அதை வாங்கலாம். கொள்ளுப்பாட்டியின் பெயரும் தாய்வழிப் பாட்டனாரின் தந்தை பெயரும் தெரியாமல் நிற்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஒரு வாரம் முன்னதாக அத்தையிடமும் மாமாவிடமும் கேட்டு நிரப்பிவிடுங்கள். தாய்வழியாருக்கு அவர்கள் கோத்திரத்தைச் சொல்ல வேண்டும், தன் கோத்திரத்தை அல்ல. கோத்திரம் தெரியாதபோது காசியப கோத்திரம் சொல்வது மரபு.

புத்தகங்கள் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லாமல் விடுவது யார் செய்ய வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்பதை. தந்தை உயிரோடு இருப்பவருக்கு அமாவாசைத் தர்ப்பணம் இல்லை. தந்தை காலமாகித் தாய் இருந்தால், தாய் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டியில் தொடங்கி, கொள்ளுப்பாட்டி, அவருக்கும் மேல் ஒருவர் என்று மூவரைச் சொல்ல வேண்டும். தாய் இருக்கும்போது அவர் பெயரைச் சொல்லி எள் விட்டுவிடுவது எவ்வளவு பெரிய தவறு! கட்டம் போட்ட பக்கத்தில் இந்த மாற்று வரிசையையும் அச்சிட்டிருக்கும் புத்தகம் அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள். பூணூல் உள்ளவர்கள் எங்கே இடமாக மாற்ற வேண்டும், எங்கே திரும்ப வலமாக்க வேண்டும் என்பது தடித்த எழுத்தில் தனி வரியாக இருக்க வேண்டும்.

முடிவில் கூர்ச்சத்தைப் பிரித்து, அந்தத் தர்ப்பையோடு நீர் வார்க்கும் மந்திரம் ஒன்று உண்டு. தாயோ தந்தையோ உற்றாரோ உறவோ இல்லாமல் போனவர்கள் எல்லாரும் நான் விடும் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும் என்று பொருள். பக்கத்தை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிட்ட சுருக்கப் பதிப்புகள் விற்பனையில் இருக்கின்றன. இதை விட்ட புத்தகத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

காணொளியும் பதிலாளும்

புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒலிப்பதிவு ஓடும் செட்டுகள் பழகுவதற்கு நல்லவை, செய்யும்போது உதவாதவை. ஈரக் கையால் நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது. பெயர் சொல்ல விட்டிருக்கும் இடைவெளி மூன்று விநாடி என்றால் கோத்திரம், பெயர், உறவு சொல்லி எள் எடுத்து நீர் விடுவதற்குள் அடுத்த மந்திரம் வந்துவிடும். முந்தின நாள் இரண்டு முறை கேட்டுப் பழகிக்கொண்டு, அன்றைக்குப் புத்தகத்தைப் பார்த்தே செய்யுங்கள்.

நேரடிக் காணொளியில் வாத்தியார் செய்துவைப்பது அதைவிடப் பல மடங்கு மேல், குழு சிறியதாக இருந்தால். ஐம்பது பேரை ஒரே அழைப்பில் வைத்துச் செய்துவைக்கும்போது தாய் உள்ளவர், தாய் இல்லாதவர் என்ற வித்தியாசத்தைக்கூடக் கவனிக்க முடியாது. பதிவு செய்யும்போதே வேதம், சூத்திரம், பெற்றோரில் யார் இல்லை என்ற விவரம் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காமல் பணம் மட்டும் வாங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் நேரத்தைக் கணக்குப் போட்டுச் சேர வேண்டும். சென்னையில் காலை 7 மணிக்கு நடக்கும் தர்ப்பணம் சிங்கப்பூரில் 9.30-க்கு, நன்றாகவே பொருந்தும். நியூயார்க்கில் கோடைக்காலத்தில் அது முந்தின நாள் இரவு 9.30. இரவில் தர்ப்பணம் கிடையாது. அமாவாசை திதியும் அந்த ஊர்ப் பஞ்சாங்கப்படி பார்க்க வேண்டியது. அமெரிக்காவில் சில மாதம் அது இந்தியத் தேதிக்கு ஒரு நாள் முன்னதாக வரும். சங்கல்பத்தில் தேசம் சொல்லும் இடமும் அங்கே மாறும், அங்குள்ள வாத்தியார்களில் பலர் "க்ரௌஞ்ச த்வீபே" என்று சொல்லிவைக்கிறார்கள். அந்த ஊர் வாத்தியாரின் அழைப்பில் சேருவதே மேல்.

ராமேஸ்வரத்திலோ காசியிலோ "உங்கள் பெயரில் செய்து வீடியோ அனுப்புகிறோம்" என்கிற சேவைக்கு வருவோம். படுக்கையில் இருப்பவர், எழுந்து உட்கார முடியாதவர் வேறொருவரைக் கொண்டு செய்விப்பதற்கு இடம் உண்டு. உடல் நன்றாக இருக்கிறவருக்கு இது சரியில்லை. பன்னிரண்டு பெயரையும் மும்மூன்று முறை நிதானமாகச் சொன்னால் முழுத் தர்ப்பணத்துக்கு அரை மணி நேரம் ஆகும். இரண்டு நிமிடக் காணொளியில் உங்கள் பாட்டனார் பெயர் ஒரு தடவை கேட்டால் அதிகம். வீட்டு முற்றத்தில் தெற்கு பார்த்து உட்கார்ந்து உங்கள் கையால் வார்க்கும் நீரோடு அதை ஒப்பிடவே கூடாது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குப் போக ஆசை இருந்தால் போய்ச் செய்யுங்கள், ஆள் வைத்துச் செய்ய வேண்டாம்.

மகள் செய்யலாமா என்ற கேள்விக்கு எந்தச் செட்டும் பதில் சொல்வதில்லை. எள் தர்ப்பணம் ஆண்களுக்கே என்று சொல்லும் வைதிகர்கள் இருக்கிறார்கள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பெண்கள் ஆற்றங்கரையில் பெயர் சொல்லி நீர் விடுவதும் நடக்கிறது. பெட்டியை வாங்குமுன் வீட்டு வழக்கத்தை உங்கள் சாஸ்திரிகளிடமோ குடும்பப் பெரியவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

தர்ப்பணத்துக்குப் பின் தட்டில் சேர்ந்த எள்ளு நீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. மாடி வீட்டில் இருப்பவர்கள் வாளியில் எடுத்துப்போய் கால்படாத இடத்தில் மரத்தடியில் விடலாம். பவித்திரத்தின் முடிச்சை அவிழ்த்துப் போட வேண்டும், அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்கக் கூடாது. அந்த மாதச் செட்டில் மீந்த தனிப் புல்லையும் எள்ளையும் மட்டும் உலர்ந்த டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். வாசலில் கோலம், தினப்படி பூஜை எல்லாம் தர்ப்பணத்துக்குப் பிறகுதான் என்பது பொதுவான வழக்கம்.

எதை வாங்கலாம்? முதல்முறை தனியாகச் செய்யப் போகிறவருக்கு நல்ல புத்தகம் உள்ள அட்டைப் பெட்டி ஒரே ஒரு முறை வாங்கத் தகுந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து நாட்டு மருந்துக் கடையில் ஒரு தர்ப்பைக் கட்டு, மளிகைக் கடையில் 100 கிராம் கறுப்பு எள், வீட்டுத் தாம்பாளம், கிண்டி இவையே போதும். மாதாமாதம் பெட்டி அனுப்பும் சந்தா திட்டத்தில் சேருவதென்றால், ஒரு பெட்டி வாங்கி அதில் தர்ப்பையின் நுனியையும் பவித்திரத்தின் புல் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆடி அமாவாசைக்கும் மகாளயத்துக்கும் இணையத்தில் ஆர்டர் போடுவதானால் பத்து நாள் முன்னதாகப் போடுங்கள். கூரியர் தாமதமானால் அன்று காலையில் கடையில் மிஞ்சுவது நுனி வெட்டிய கட்டுகள்தான்.